ஒன்பது மாத லீவுக்கு ஒரு தையல் மெஷின்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் அப்பா ஜெர்மன்காரர் ஆகிவிடுவார். எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்து, கால் கழுவி, காப்பி குடித்து முடித்ததிலிருந்து செபமாலைக்கு உட்காரும்வரை உள்ள அரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம், கழுத்துவரை பொத்தான் மாட்டிய கம்பளிக் கோட்டோடு அவர் உட்கார்ந்துகொள்வார். அக்கா வாசலுக்கு வெளியே பனியில் நின்று, கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும். நான் துபாஷி. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. இங்கிலீஷும் எஸ்டேட்டுக்கு வேண்டிய மட்டும்தான். ஆகவே அவர் தமிழில் கேட்பார், நான் அதை இங்கிலீஷில் சொல்வேன், அக்கா ஜெர்மனில் பதில் சொல்வாள். அந்த ஜெர்மன் சரியா தவறா என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. "ஏனுங்க அம்மணி, எங்க நாட்டுக்கு எதுக்குங்க வாறீங்க?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். எந்த வெள்ளைக்கார அதிகாரி இப்படிக் கேட்பான் என்று நான் சிரித்தால், "துபாஷி சிரிச்சா விசா கெடையாது" என்று மேசையைத் தட்டுவார். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏனுங்க, ஜெர்மன்காரருக்கு ராத்திரிக்குக் களியா சோறா?" என்று குரல் கொடுப்பாள். அத்தோடு அன்றைய விசா ஆபீஸ் மூடப்படும்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்பா ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். யார் எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போவது, யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து அங்கேயே ஆரம்பப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. அவள் பள்ளி முடித்த கையோடு ஏற்காட்டுக் கன்னியர் மடத்தில் தையல் கற்றுக்கொண்டு, மடத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாக அதே நீலப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. அவளுடைய பதினேழாவது வயதில் அப்பா ஆசை ஆசையாகச் சேலத்திலிருந்து வாங்கிவந்த, காலால் மிதிக்கிற கறுப்பு மெஷினில் தைப்பாள். அந்த மெஷினைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. முதுகுவலி வரும்போதெல்லாம் அதன் காலில் ஓர் உதை விடுவாள். "நான் செத்தா என்னைய நீலத் துணில மட்டும் சுத்திராதீங்கடி" என்பாள் என்னிடம். ஆனால் அப்பா வீடு திரும்பும் நேரத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும், அக்கா ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருப்பாள். வாங்கித் தந்தவர் மனம் நோகக் கூடாதே என்று அப்படி ஒரு நடிப்பு.

மடத்தில் ஒரு ஜெர்மன் சிஸ்டர் இருந்தார். கன்னிப் பருவத்தில் கப்பலேறி வந்து நாற்பது வருடமாக மலையிலேயே இருந்துவிட்டவர். அக்காவுக்கு ஜெர்மன் சொல்லித்தரத் தொடங்கியதும்தான் அது தமக்கே பாதி மறந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் வாக்கியத்தை ஜெர்மனில் கம்பீரமாக ஆரம்பிப்பார், இரண்டாவதில் தயங்குவார், மூன்றாவதில் "அட போ கண்ணு, அது என்னமோ சொல்லுவாங்க" என்று சேலத்துத் தமிழுக்கு இறங்கிவிடுவார். செபங்களும் கேக் செய்முறைகளும் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருந்தன. எனவே அக்காவின் ஜெர்மனில் பரலோகமும் இருந்தது, பேக்கிங் பவுடரும் இருந்தது. கடைத்தெருவுக்கு வழி கேட்க மட்டும் தெரியாது. அந்தச் சிஸ்டர்தான் ஜெர்மனியில் இருந்த தம் தங்கை மகளுக்கு எழுதி, வெளிநாட்டார்க்கு ஜெர்மன் மொழியும் அந்த நாட்டுப் பண்பாடும் கற்றுத்தருகிற ஒரு பள்ளியில் ஒன்பது மாதப் படிப்புக்கு இடம் வாங்கித் தந்தார். தங்கை மகள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். செப்டம்பரில் வகுப்பு ஆரம்பம். மொழி படிப்பது அப்பாவுக்குப் புரிந்தது. பண்பாட்டைக் காசு கட்டிப் படிப்பதுதான் புரியவில்லை. "நம்ம கிட்ட இருக்கற பண்பாட்டையே வெச்சுச் சமாளிக்க முடியல. இதுல இன்னொன்னு எதுக்கு சாமி?" என்று கேட்டார்.

அக்காவின் திட்டம் வேறு. மொழி கைவந்ததும் அங்கேயே நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, அந்த நாட்டிலேயே தங்கிவிடுவது. இது எனக்கும் சிஸ்டருக்கும் மட்டும் தெரியும். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. விசா கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆத்தூரில் துணிக்கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வந்தவர் அக்காவைப் பார்த்ததைவிட மெஷினைப் பார்த்த நேரம்தான் அதிகம். குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "பொண்ணோட இதுவும் வருமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அக்கா உதைத்த உதையில் மெஷினின் மிதிபலகை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பா அந்த மனிதருக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "விசா கெடச்சா போகட்டும். இல்லீன்னா தை மாசம் கோயில்ல கல்யாண ஓலை படிச்சரலாம்" என்று அம்மாவிடம் சொன்னதை நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். அன்று முதல் அக்கா கோழிகளோடுகூட ஜெர்மனில்தான் பேசினாள்.

அப்பாவின் லீவு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கீழ்நாட்டுக்காரர்கள், சமவெளி ஊர்களைச் சேர்ந்தவர்கள். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போவார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்து லீவு வாங்கியவர்களை அப்பா பார்த்திருக்கிறார். அதனால் லீவுக்குப் போகிறவர், எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாதோ அந்தப் பொருளை ரைட்டரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். எங்கள் வீட்டுப் பின்னறைக்கே லீவு ரூம் என்று பெயர். கம்பளிகள், கவாத்துக் கத்திகள், ஒரு தவில், ஒரு தடவை பேசுகிற மைனா ஒன்றுகூட என்று சாமான்கள் அதில் குடியிருக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் திரும்பும் தேதியும் எழுதிய சீட்டு சணலில் கட்டித் தொங்கும். ஏமாற்று வேலை அப்பாவிடம் நடக்காது. மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருவர் குடையைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் போட்டிருந்த செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார். இன்னொருவர் மாமியாரை விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். "அதுக்கு நீ திரும்பியே வர மாட்டியே" என்று அப்பா அதை ஏற்கவில்லை. "காயிதம் பொய் சொல்லும் கண்ணு, சாமான் சொல்லாது" என்பது அவருடைய வாக்கு. வீட்டில் நாங்கள் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

ஜூன் மாதம் அக்கா மடத்துச் சிஸ்டர் ஒருவரோடு சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்தாள். நேர்காணல் செய்தது ஐம்பது வயதுள்ள ஓர் அதிகாரி அம்மாள். அக்காவின் ஜெர்மனைக் கேட்டு, இவ்வளவு பழைய ஜெர்மனைத் தன் பாட்டி பேசித்தான் கேட்டிருப்பதாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். படிப்புக் கடிதம், தங்குமிடக் கடிதம், பங்குச் சாமியாரின் நற்சான்று எல்லாவற்றையும் சரி என்றார். ஒன்றுதான் குறை. படிப்பு முடிந்து நீ ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன இருக்கிறது, நிலமோ வீடோ வேலையோ, ஏதாவது கொண்டுவந்து காட்டு என்று அனுப்பிவிட்டார். அக்கா வந்து இதைச் சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டோம். வீடு எஸ்டேட்டுடையது. வாசலில் நிற்கிற சில்வர் ஓக் எஸ்டேட்டுடையது, அதில் ஏறியிருக்கிற மிளகும் எஸ்டேட்டுடையது. எங்களுக்கென்று இருந்தவை ஆறு கோழிகளும் ஒரு ரேடியோவும்தான். அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஜெர்மன்காரர் வரவில்லை. அப்பா அப்பாவாகவே மேசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை எழுந்ததும், "அந்தம்மா கேட்டது நாயமான கேள்விதான். நானும் அதத்தானே எல்லாருகிட்டயும் கேக்கறேன்" என்றார். பிறகு மெஷினைக் காட்டி, "இதத் தூக்கிட்டுப் போயி அங்க வெச்சரலாம்" என்றார். முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த ஆபீஸில் கேட்பது பத்திரம், இப்படிச் சாமானை வாங்கி வைக்க மாட்டார்கள் என்று நான் படித்தவள் என்கிற மிதப்பில் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அப்பா அசையவில்லை. சரி, கொண்டு போவதானால் மெஷின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு போங்கள் என்றாள் அம்மா. "தலைய மட்டும் வெச்சா பாதி ஆளுதான் திரும்பி வரும்" என்றார் அப்பா. அக்கா எழுந்து கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டாள். பதினொரு வருடம் தன்னைப் பிடித்துவைத்திருந்த சனியன் இப்போது சென்னைக்கும் கூடவே வருகிறதே என்று அவள் நினைத்திருப்பாள். போயும் போயும் அவள் வெறுக்கிற ஒன்றை அவளுடைய உயிர் என்று நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் பரிதாபமாக இருந்தது.

மெஷின் நாகலூர் பஸ்ஸின் கூரையில் ஏறியது. "ரைட்டரே, மேல இருக்கறவங்களுக்கும் டிக்கெட்டு போடட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே எட்டிப் பார்த்தார். அடிவாரம் வரும்போது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நேரே திரும்ப மறுத்தது. மறுநாள் சென்னையில் இறங்கியபோதும் அப்படியே கோணல் கழுத்தோடுதான் இறங்கினார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டைக் கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போகும்போது கோட்டு போடாமல் போவதாவது என்றார். ஆட்டோவில் மெஷின் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ள, நாங்கள் மூவரும் அதன்மேல் தொற்றிக்கொண்டு போனோம். விசா ஆபீஸ் வாசலில் காவல்காரர் வழிமறித்தார். "இன்னா பெர்சு, உள்ள டெய்லர் கடை போடப் போறியா?" என்றார். "இல்லீங்க, விசாவுக்குங்க" என்றார் அப்பா. காவல்காரர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதற்கா விசா என்பதுபோல் பார்த்தார். கடைசியில் உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து அப்பாவையும் அக்காவையும் மெஷினையும் மட்டும் உள்ளே விட்டார். நான் வெளியே வேப்பமரத்தடியில் பைகளோடு நின்றேன். உள்ளே நடந்தது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மெஷினை மாடி ஏற்ற முடியாது என்றதும் அந்த அதிகாரி அம்மாளே கீழே இறங்கி வந்தாராம், கூட ஒரு தமிழ் குமாஸ்தாவும். அப்பா கும்பிட்டுவிட்டுச் சொன்னாராம். "எங்களுக்கு நெலம் கெடையாதுங்கம்மா. ஊடும் எஸ்டேட்டோடதுங்க. எங்க எஸ்டேட்டுல லீவுக்குப் போறவங்க, எது இல்லாம இருக்க முடியாதோ அத ரைட்டர் கிட்ட வெச்சுட்டுப் போவாங்க. அந்த ரைட்டர் நானுங்க. இப்ப லீவு கேக்கறது நாங்க, குடுக்கறது நீங்க. பதினொரு வருசமா எம் மவ இந்த மெஷின்லதான் நொம்ப ஆசையா உக்காந்திருக்கா. இத உட்டுட்டு அவளால இருக்க முடியாதுங்க. நீங்களே வெச்சுக்கங்க, வந்து எடுத்துக்குவா." குமாஸ்தா இதை மொழிபெயர்த்து முடிக்கப் படாத பாடு பட்டாராம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து ஓய்ந்த பிறகு, அப்படிப் பொருளை வைத்துவிட்டுப் போய்த் திரும்பாதவர்களே இல்லையா என்று கேட்டார். "ரெண்டு பேரு வரலீங்க" என்றார் அப்பா. அவர்கள் பொருளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "வெச்சிருக்கனுங்க. அவங்க லீவு இன்னும் முடியலீன்னு நெனச்சுக்கறதுங்க." அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மெஷினைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு இங்கே வைக்க இடமில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்றார். அப்படியானால் சீட்டு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் சணலையும் எடுத்து நீட்டினார். அக்காவின் பெயரையும் ஒன்பது மாதம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த அம்மாள் தம் கையாலேயே மெஷினில் கட்டினாராம். இரண்டு நாளில் விசா கிடைத்தது.

திரும்பி வந்த மெஷின் லீவு ரூமுக்குள் போனது. அதன் பிறகு அதை யாரும் தொடக் கூடாது. ரவிக்கையில் ஒரு கிழிசல் தைக்க வேண்டுமானாலும் நானும் அம்மாவும் ஏற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்றால், "அது கவருமெண்டு சாமான்" என்பார் அப்பா. எந்த கவர்மெண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. ஒன்பது மாதம் முடிந்தது. அக்காவுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்து விசாவையும் நீட்டித்துத் தந்துவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. நான் அதைப் பயந்துகொண்டே உரக்கப் படித்தேன். அப்பா கோபப்படவில்லை. "லீவ நீட்டிச்சுட்டாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். நாலாவது வருடம்தான் அக்கா முதல் தடவையாக வந்தாள், பதினைந்து நாளைக்கு. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே பேரப்பிள்ளைகள். அப்பா காலமாகி இருபது வருடம் ஆகிறது.

இந்தக் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆசிரியர் அறையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம். கோணல் கழுத்தோடு மெஷினைச் சுமந்துகொண்டு அப்பா விசா ஆபீஸுக்குள் நுழைவதை நான் நடித்தே காட்டுவேன். சிரிக்காதவர்கள் கிடையாது. போன டிசம்பரில் அக்கா வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். நர்ஸிங் முடித்துவிட்டுச் சேலத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவள். வகுப்பு பாதி செல்போனில், விண்ணப்பம் ஏஜெண்டு மூலம், நேர்காணலுக்கு நூற்றிரண்டு மாதிரிக் கேள்விகளோடு ஒரு புத்தகம். அதிலும் கடைசியில் நீ திரும்பி வருவாயா என்றுதான் கேட்கிறார்களாம். என்ன காட்டப் போகிறாய் என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் மெஷின் கதையை எடுத்துவிட்டேன். பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனாள். அக்கா சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள், "நீ இன்னுமா இதச் சொல்லிட்டுத் திரியற?" என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். அவள் புறப்பட்ட அன்று சேலம் ஜங்ஷனில் ரயில் வந்து நின்ற பிறகு, வழிக்கு வாழைப்பழம் வாங்க நான் பிளாட்பாரக் கடைக்குப் போனேன். அந்த இடைவெளியில் அக்கா தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். ஒன்பது மாதத்தில் நான் வர மாட்டேன் அப்பா, எனக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது, அது என் உயிர் என்று நீங்கள் அந்த அம்மாளிடம் சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் செத்துப் போனேன் என்று அழுதாளாம். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தெரியும் சாமி. அந்த மிதிபலகைய நீ எத்தன ஒதை ஒதச்சேன்னு எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் அதத் தூக்கிட்டு வந்தேன். உனக்குப் புடிச்ச சாமானாப் பாத்து வெச்சிருந்தா, நீ திரும்பி வந்தாவணுமே" என்றாராம்.

பொய்ச் சாமானைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற மனிதர், ஆயுளில் ஒரே ஒரு தடவை தாமே ஒரு பொய்ச் சாமானைக் கழுத்து சுளுக்கச் சுளுக்கச் சென்னைவரை சுமந்து போயிருக்கிறார். மகள் போக வேண்டும் என்பதற்காக, போனவள் நிம்மதியாக அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக. அவரைத்தான் நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒன்றும் தெரியாத வெகுளியாக்கி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவள் மொச்சைத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "இன்னொண்ணும் இருக்குது, அதுக்காகத்தான் சொல்லல" என்றாள். அப்படியானால் எனக்குப் பிடித்த சாமான் எது என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று அவள் அழுகையோடு கேட்டாளாம். அப்பா திரும்பி, பழக்கடைப் பக்கம் மோவாயைக் காட்டினாராம். "அதா, வாழப்பழத்துக்குப் பேரம் பேசிட்டு நிக்குது பாரு. அத எவங்கிட்டயும் வெக்க எனக்கு மனசு வரல."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அக்கா பதறிப்போய், "எதுக்குடி இப்ப அழுவற, அப்பாவ நெனச்சுட்டியா?" என்று கேட்டாள். இல்லை, என்னைப் போய்ச் சாமான் என்று சொல்லியிருக்கிறாரே, அதற்கு என்றேன்.